வான்கோழி விருந்து: எந்தக் கோளாறுக்கு என்ன கைவைத்தியம்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். வருஷம் முழுக்க ஓவனை வாணலி அடுக்கும் அலமாரியாக வைத்திருக்கும் நம் வீடுகளில்கூட அன்றைக்கு ஒரு முழு வான்கோழி உள்ளே போகிறது. பிள்ளைகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து வேண்டும் என்கிறார்கள், நண்பர்களைக் கூப்பிட்டாயிற்று, ஊரிலிருந்து அப்பா அம்மா வேறு வந்திருக்கிறார்கள். கோழிக்குழம்பைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பவர்களும் 15 பவுண்டுப் பறவையைப் பார்த்ததும் கொஞ்சம் மலைத்துத்தான் போகிறார்கள்.

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் சமையலறையில் இப்போது என்ன தகராறோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வியாழன் மதியம் கண்ணில் படும் கோளாறு பெரும்பாலும் ஞாயிறு, திங்களிலேயே ஆரம்பித்திருக்கும். அப்படி இல்லையென்றால், கடிகாரத்தைப் பார்த்து வேகவைத்ததால் வந்திருக்கும். வான்கோழி விஷயத்தில் கடிகாரம் சொல்வது உத்தேசம்தான். தெர்மோமீட்டர் சொல்வதே முடிவு.

அதனால் கறியில் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். கீழே வரும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட். மனதில் நிற்க வேண்டிய எண் 165, செல்சியஸில் 74. அமெரிக்க வேளாண்மைத் துறை கோழி, வான்கோழி எல்லாவற்றுக்கும் சொல்லும் பாதுகாப்பான வெப்பம் அதுதான். மூன்று இடங்களில் குத்த வேண்டும்: நெஞ்சின் தடித்த பகுதி, தொடை உடம்போடு சேரும் உட்பக்கம், இறக்கை சேரும் உட்பக்கம். முனை எலும்பில் படக்கூடாது. பட்டால் எண்ணை நம்ப முடியாது. தெர்மோமீட்டர் மேலேயே சந்தேகமா? ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டுத் தண்ணீர் ஊற்றி முனையை நடுவில் பிடியுங்கள். 32 காட்ட வேண்டும்.

கறியோடு வரும் பிளாஸ்டிக் பொத்தானை, அதாவது வெந்ததும் மேலே எம்பும் என்கிறார்களே அதை, மட்டும் நம்ப வேண்டாம். அது ஒரே இடத்தைத்தான் பார்க்கிறது. சிலது தாமதமாக எம்பும், சிலது எம்பவே எம்பாது.

## புதன்கிழமை சாயங்காலம், பறவை இன்னும் கல்லாக இருக்கிறது

அடிக்கடி வரும் தகராறு இதுதான். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குவதற்கு ஒவ்வொரு 4 அல்லது 5 பவுண்டுக்கும் 24 மணி நேரம் வேண்டும். 15 பவுண்டு என்றால் மூன்று முழு நாள், கொஞ்சம் கூடவே ஆகலாம். திங்கள் காலையில் ஃப்ரீசரிலிருந்து இறக்கினால் வியாழன் காலைக்குச் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையே இறக்கினாலும் கெட்டுப்போகாது. உருகிய பிறகு ஃபிரிட்ஜில் இன்னும் ஒன்றிரண்டு நாள் தாங்கும்.

அது தவறிவிட்டதா? குளிர்ந்த தண்ணீர்தான் வழி. பறவையை அதன் உறையோடு, தண்ணீர் உள்ளே போகாதபடி, சிங்க்கிலோ பெரிய பக்கெட்டிலோ முழுக்க முழுகும்படி போடுங்கள். ஒரு பவுண்டுக்கு அரை மணி நேரம் கணக்கு. 15 பவுண்டுக்கு ஏழரை மணி நேரம். அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும், மாற்றுகிற தண்ணீரும் குளிர்ந்ததாகவே இருக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் வேகமாக உருகுமே என்று தோன்றும். மேல்கறி வெதுவெதுப்பாகி, உள்ளே ஐஸாகவே இருக்கும். கிருமி பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. இப்படித் தண்ணீரில் உருக்கியதை உடனே ஓவனில் ஏற்றிவிட வேண்டும், திரும்ப ஃபிரிட்ஜில் வைத்துக் காத்திருக்கக் கூடாது. ராத்திரி முழுக்கச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப்போவது அறவே கூடாது.

வியாழன் காலை எட்டு மணிக்குத்தான் தெரிகிறது, வயிற்றுக்குள் கையை விட்டால் ஐஸ் தட்டுகிறது. பதற வேண்டாம். பாதி உறைந்த பறவையையும், ஏன், முழுக்க உறைந்ததையும்கூட, நேராக ஓவனில் வைக்கலாம். 325 டிகிரி. முழுக்க உறைந்ததாக இருந்தால் வழக்கமான நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகும், அவ்வளவுதான். மதிய விருந்தை ராத்திரி விருந்தாக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் பொட்டலத்தை, உருகிக் கழன்று வந்ததும் இடுக்கியால் எடுத்துவிடலாம். உறைந்த பறவையை எண்ணெயில் பொரிக்க மட்டும் நினைக்காதீர்கள். அது ஏன் என்பது கீழே இருக்கிறது.

## உள்ளே ஒரு பொட்டலம் வெந்துகிடக்கிறது

கழுத்து, ஈரல், இதயம் எல்லாம் ஒரு பையில் கட்டி வயிற்றுக்குள்ளோ கழுத்துப் பக்கத் தோலுக்கு அடியிலோ செருகியிருப்பார்கள். இரண்டு பக்கமும் தேடிப் பார்க்க வேண்டும். எடுக்க மறந்து வெந்துவிட்டால், காகிதப் பையாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை, எடுத்துப் போட்டுவிட்டுப் பரிமாறலாம். பிளாஸ்டிக் பை உருகிக் கறியில் ஒட்டியிருந்தால் அந்தப் பறவையைச் சாப்பிட வேண்டாம்.

கழுத்தை வீணாக்காதீர்கள். ஒரு வெங்காயம், ஒரு கேரட், நாலு மிளகு போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் கிரேவிக்கு வேண்டிய சாறு தயார். இதைப் புதன்கிழமையே செய்துவைத்தால் மறுநாள் பாதிக் கவலை போய்விடும்.

## கவுச்சி வாடை வருகிறது, கழுவலாமா?

மஞ்சள் தூள் போட்டு மூன்று தண்ணீரில் அலசாமல் கறியைத் தொடுவதில்லை என்று வளர்ந்தவர்கள் நாம். வான்கோழி விஷயத்தில் அந்தப் பழக்கத்தை ஒரு நாள் ஒத்திவைக்கலாம். இவ்வளவு பெரிய பறவையைக் குழாயடியில் திருப்பித் திருப்பிக் காட்டினால் கறித்தண்ணீர் மேடை, பக்கத்தில் நறுக்கி வைத்த கொத்தமல்லி, துடைக்கும் துணி எல்லாவற்றிலும் தெறிக்கும். கழுவுவதால் கிருமி சாவதில்லை, இடம்தான் மாறுகிறது. 165 டிகிரிதான் அதைக் கொல்லும்.

உறையைப் பிரித்ததும் வருகிற லேசான வாடை, காற்றுப்புகாமல் அடைத்து வைத்ததால் வருவது. சில நிமிஷத்தில் போய்விடும். பேப்பர் டவலால் உள்ளேயும் வெளியேயும் ஒற்றித் துடையுங்கள். அப்புறமும் புளித்த நாற்றம் அடித்தாலோ, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, அது கெட்டுப்போனது. கடைக்குத் திருப்பி எடுத்துப்போங்கள், சமாளிக்கப் பார்க்காதீர்கள். இதற்காகவே உறையை வியாழன்வரை பிரிக்காமல் வைத்திருக்கக் கூடாது. கோஸ்ட்கோ, வால்மார்ட், டார்கெட் மூன்றும் அன்றைக்கு மூடியிருக்கும்.

மாமியாருக்குக் கழுவாத கறி ஒத்துக்கொள்ளாது என்றால், எலுமிச்சம்பழத்தையும் மஞ்சளையும் வெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் தடவுங்கள். வாடையும் போகும், வீட்டில் சமாதானமும் இருக்கும்.

## மேலே மசாலா கருகிவிட்டது, உள்ளே சப்பென்று இருக்கிறது

நம் வீட்டு வான்கோழிக்கே உரிய வியாதி இது. தந்தூரி சிக்கன் மாதிரி தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் சேர்த்து மேலே கெட்டியாகப் பூசி ஓவனில் வைக்கிறோம். கோழித்துண்டு முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும், மசாலாவும் தாங்கும். வான்கோழி மூன்று நான்கு மணி நேரம் உள்ளே இருக்கிறது. அதற்குள் மிளகாய்த்தூளும் பூண்டும் கருகிக் கசந்துபோகும். தயிரின் ஈரத்தால் தோலும் மொறுமொறுப்பாகாது.

உள்ளே ஏன் சப்பென்று இருக்கிறது என்றால், கறிக்குள் ஆழமாக இறங்குவது உப்பு மட்டும்தான். மிளகாய், மல்லி, கரம் மசாலா எதுவும் எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் மேல்பரப்பைத் தாண்டி அதிகம் போவதில்லை. நெஞ்சுக்கறியோ இரண்டு மூன்று அங்குல கனம். ஆகவே வேலையைப் பிரித்துக்கொடுக்க வேண்டும்.

உப்பை முதலில், இரண்டு நாள் முன்னாலேயே தடவுங்கள். 5 பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கல் உப்பு மாதிரியான கோஷர் உப்பு போதும், தூள் உப்பானால் அதில் பாதி. ட்ரேயில் வைத்து மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். அதற்கு முன்னால் உறையில் எழுதியிருப்பதை ஒரு முறை படியுங்கள். உப்புக் கரைசல் ஏற்றியது என்று இருந்தாலோ, கோஷர் (யூதர்களின் உணவு விதிப்படி தயாரித்த) வான்கோழியாக இருந்தாலோ அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதன்மேல் நீங்களும் உப்பு தடவினால் கறி உப்புக்கண்டமாகிவிடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் உறைந்த பறவைகளில் பலவும் இப்படிக் கரைசல் ஏற்றியவைதான்.

மசாலாவை வெண்ணெயில் குழைத்து, தோலை மெல்லக் கையால் பிரித்து, தோலுக்கும் கறிக்கும் நடுவில் தடவுங்கள். தோல் குடைபோல் காப்பதால் கருகாது. தோலுக்கு மேலே எண்ணெயும் மிளகும் போதும். மீதிக் காரசாரம் கிரேவியில் வரட்டும். மிளகு, சோம்பு, கறிவேப்பிலை போட்ட கிரேவியை ஊற்றிக்கொண்டால் உள்ளே எட்டாத மசாலாவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இப்போதே கருகிவிட்டது என்றால், கருகிய தோலை முழுசாக உரித்துவிடுங்கள். கறியைத் துண்டு போட்டு, ஒரு வாணலியில் வெண்ணெயில் வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுத்தூள் வதக்கி அதில் பிரட்டிக் கொடுங்கள். சொல்லப்போனால் அதுதான் முதலில் தீரும்.

## நேரமாகிறது, வெந்தபாடில்லை

325 டிகிரியில், உள்ளே ஸ்டஃபிங் (வயிற்றுக்குள் அடைக்கும் ரொட்டிக் கலவை) இல்லாமல், உத்தேசக் கணக்கு இது: 8 முதல் 12 பவுண்டு, மூன்று மணி நேரத்துக்குள். 12 முதல் 14 பவுண்டு, மூன்றிலிருந்து மூன்றே முக்கால். 14 முதல் 18, நாலேகால் மணி வரை. 20 பவுண்டுக்கு மேலே போனால் ஐந்து மணி நேரம்கூட ஆகும்.

அந்த நேரம் தாண்டியும் 130லேயே நிற்கிறதென்றால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். வயிற்றுக்குள் ஐஸ் இருந்ததா? உள்ளே ஸ்டஃபிங் அடைத்தீர்களா? அடைத்தால் நேரம் கூடும், அதோடு ஸ்டஃபிங்கின் நடுவும் 165 தொட வேண்டும். கறி வெந்து ஸ்டஃபிங் வேகாமல் இருப்பது சகஜம். அதனால் ஸ்டஃபிங்கைத் தனிப் பாத்திரத்தில் செய்வதே நல்லது என்பேன். அடுத்தது, ஓவன் கதவு. அரை மணிக்கு ஒரு முறை திறந்து கரண்டியால் நெய் ஊற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் சூடு இறங்கும். கடைசியாக, ஓவனே பொய் சொல்லலாம். 325 என்று வைத்தால் 295இல் நிற்கும் பழைய ஓவன்கள் உண்டு, அதிலும் வாடகை வீட்டு ஓவன் என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மோமீட்டர் ஒன்று வைத்துப் பாருங்கள்.

விருந்தாளிகள் உட்கார்ந்தாயிற்று, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்போல இருக்கிறது என்றால், பறவையை வெளியே எடுத்துத் தொடைகளை மூட்டில் வெட்டிப் பிரியுங்கள். நெஞ்சை ஒரு ட்ரேயிலும் தொடைகளை இன்னொன்றிலும் வைத்து 400 டிகிரியில் திரும்ப ஏற்றுங்கள். துண்டானதும் வேகமாக வெந்துவிடும். முழுப் பறவையை மேசையில் வைத்துப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்த வருஷத்துக்கு இதற்கெல்லாம் நிரந்தர வழி ஒன்று இருக்கிறது. சமையல் கத்திரியால் முதுகெலும்பை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு, பறவையைக் கவிழ்த்து நெஞ்சை அழுத்தித் தட்டையாக்கி வேகவைப்பது. 12 பவுண்டுப் பறவை 425 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் போல எடுக்கும். நெஞ்சும் தொடையும் கிட்டத்தட்ட ஒன்றாக வேகும். தோல் முழுக்க மேலே இருப்பதால் எல்லா இடமும் மொறுமொறுப்பு. பார்வைக்கு விபத்தில் அடிபட்டதுபோல இருக்கும், ஆனால் வெட்டித் தட்டில் அடுக்கியபின் யாருக்குத் தெரியப்போகிறது.

## ரொம்பச் சீக்கிரம் வெந்துவிட்டது

இது கோளாறே இல்லை, பலரும் பயப்படுவதால் சொல்கிறேன். வெளியே எடுத்த பறவை அரை மணி நேரமாவது ஆறியே ஆக வேண்டும். ஃபாயிலைத் தளர்வாக மூடி வைத்தால் முக்கால் மணி வரைக்கும் நல்ல சூட்டோடு இருக்கும். அதற்கும் மேலே ஆகும் என்றால் துண்டு போட்டு, சூடான சாறு கொஞ்சம் ஊற்றி, இறுக்கமாக மூடி, ஓவனில் 200 டிகிரியில் வையுங்கள். கறியின் சூடு 140க்குக் கீழே இறங்கக் கூடாது.

## தோல் கருகுகிறது, உள்ளே 120தான் காட்டுகிறது

நெஞ்சுப் பக்கத்தை மட்டும் ஃபாயிலால் மூடுங்கள். தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். கன்வெக்‌ஷன் விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 25 டிகிரி குறைத்து வைக்க வேண்டும். மேலே தேனோ மேப்பிள் சிரப்போ தடவுவதாக இருந்தால் கடைசி அரை மணியில்தான்.

## தோல் வெளுத்துச் சவசவ என்று இருக்கிறது

ஈரம்தான் காரணம். ஆழமான பாத்திரத்தில் வைத்தால், மூடியே வேகவைத்தால், அடிக்கடி சாறு ஊற்றினால், தோல் வறுபடாமல் அவிந்துபோகும். கறி ஏற்கெனவே 165 தொட்டுவிட்டதென்றால் பறவையை வெளியே எடுத்து அரை மணி ஆறவிட்டு, பேப்பரால் தோலை ஒற்றி, 475 டிகிரி ஓவனில் பத்து நிமிஷம் மட்டும் காட்டுங்கள். பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது: உப்பு தடவியபின் மூடாமல் ஃபிரிட்ஜில் வைப்பது. தோல் காய்ந்து காகிதம்போல ஆகும், அதுதான் மொறுமொறுப்புக்கு மூலதனம். அந்த உப்போடு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்தால் இன்னும் நன்றாகச் சிவக்கும். பேக்கிங் சோடாவை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், கசக்கும்.

## நெஞ்சுக்கறி சக்கையாக இருக்கிறது

பெரும்பாலான வீடுகளில் வான்கோழிக்குக் கெட்ட பெயர் இதனால்தான். நெஞ்சு கொழுப்பில்லாத கறி, 165க்கு மேலே ஏற ஏற வறண்டுகொண்டே போகும். தொடையில் சவ்வு அதிகம், அது கரைந்து மெத்தென்று ஆக 175 வரைக்கும்கூடப் போகலாம். ஒரே பறவையில் இரண்டு விதமான கறி, ஒரே நேரத்தில் இரண்டையும் திருப்திப்படுத்த வேண்டும். நம் ஊரில் கோழியை நன்றாக வெந்ததா, நன்றாக வெந்ததா என்று கேட்டுக்கேட்டு இன்னும் பதினைந்து நிமிஷம் கூட்டி வைப்போம். குழம்பில் அது செல்லும், கோழி குழம்பிலேயே முழுகிக் கிடக்கிறது. வறண்ட ஓவனில் செல்லாது.

ஓவனிலிருந்து எடுத்த பிறகும் உள்சூடு 5 முதல் 10 டிகிரி வரை ஏறும். எனவே நெஞ்சில் 160ஐத் தாண்டியதுமே பக்கத்தில் நில்லுங்கள். ஆறும்போது 165 தொட்டதா என்று இன்னொரு முறை குத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தொடவில்லையா, திரும்ப உள்ளே வையுங்கள்.

ஏற்கெனவே சக்கையாகிவிட்டதா? நெஞ்சை எலும்போடு வைத்து மெல்லிசாகச் சீவாதீர்கள். ஒரு பக்க நெஞ்சை முழுசாக எலும்பிலிருந்து பிரித்தெடுத்து, பலகையில் வைத்து, கறியின் நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். அப்படி வெட்டினால் வறண்ட கறியும் வாயில் மெதுவாகத்தான் இருக்கும். ஒரு கப் சூடான சாற்றில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் கரைத்து மேலே ஊற்றி, ஐந்து நிமிஷம் மூடி வைத்துப் பரிமாறுங்கள். இதற்குமேல் கிரேவி பார்த்துக்கொள்ளும்.

## வெட்டினால் இளஞ்சிவப்பாக இருக்கிறது

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 165 தாண்டிய கறியும் எலும்போரம் சிவந்து இருக்கலாம். கறியிலுள்ள நிறமி, ஓவனின் வாயு, சிறு வயதுப் பறவை என்று இதற்குப் பல காரணங்கள். புகையில் வாட்டிய கறி சிவந்துதான் இருக்கும். மூன்று இடத்திலும் 165 இருந்தால் தைரியமாகச் சாப்பிடலாம். இல்லையென்றால் நன்றாக வெளுத்திருந்தாலும் உள்ளே வையுங்கள். பெரியவர்கள் முகம் சுளித்தால் அந்தத் துண்டுகளை மட்டும் சாற்றில் ஒரு கொதி விட்டுக் கொடுத்துவிடலாம்.

## புகை, அலாரம், தீ

ஓவனைச் சூடாக்கும் முன்னால் உள்ளே இருக்கும் வாணலி, பிளாஸ்டிக் டப்பா எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நம் வீடுகளில் அலாரம் அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகும்போது புகை வந்தால், சொட்டும் கொழுப்பு ட்ரேயில் தீய்கிறது என்று அர்த்தம். ஒரு கப் வெந்நீர் ஊற்றினால் அடங்கும். கண்ணாடி ட்ரேயாக இருந்தால் ஊற்றவே ஊற்றாதீர்கள், சூட்டில் படீரென்று உடையும். ஓவனுக்குள் தீயே பிடித்தால் கதவைத் திறக்காமல் ஓவனை அணைத்துவிடுங்கள். காற்று கிடைக்காமல் அதுவே அடங்கும். அடங்காவிட்டால் எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் 911.

கொல்லைப்புறத்தில் எண்ணெய் அண்டாவில் முழுப் பறவையைப் பொரிப்பது இங்கே ஒரு வாடிக்கை. பவுண்டுக்கு மூன்று நான்கு நிமிஷத்தில் வெந்துவிடும், ருசியும் பிரமாதம். ஆனால் 350 டிகிரி எண்ணெயில் ஐஸ் இருக்கும் பறவையை இறக்கினால் அந்த ஐஸ் நொடியில் ஆவியாகி எண்ணெயைப் பொங்கவைக்கும், பொங்கிய எண்ணெய் கீழே எரியும் அடுப்பில் விழும். அமெரிக்காவில் வீட்டுச் சமையல் தீ விபத்துகள் அதிகம் நடக்கும் நாளே தேங்க்ஸ்கிவிங்தான். பொரிப்பதானால் வீட்டிலிருந்து தள்ளி, கராஜுக்கு வெளியே, சமதரையில். எண்ணெய் ஊற்றும் முன் பறவையை அண்டாவில் வைத்துத் தண்ணீர் ஊற்றி எந்த மட்டம் வரை ஊற்றலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அண்டாவையும் பறவையையும் ஈரமே இல்லாமல் துடையுங்கள். இறக்கும்போது அடுப்பு அணைந்திருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

## கிரேவி சரியாக வரவில்லை

அடிப்படை அளவு: ஒரு கப் சாறுக்கு இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு, இரண்டு மேசைக்கரண்டி மைதா. கொழுப்பில் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும்.

கட்டி தட்டினால் வடிகட்டுங்கள் அல்லது மிக்ஸியில் ஓட்டுங்கள், ஆறவிட்டு ஓட்டுங்கள். நீர்த்திருந்தால் சோள மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கும்போது ஊற்றுங்கள். எண்ணெய் மிதந்தால் ஒரு டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டு மேலே நிற்பதை எடுத்துவிடுங்கள். உப்பு கரித்தால் உப்பில்லாத சாறு அல்லது பால் சேர்த்து நீட்டுங்கள். உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுக்கும் என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், கிழங்கு கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கும், அவ்வளவுதான். கரைசல் ஏற்றிய பறவையின் சாறு எப்போதும் உப்பாகத்தான் இருக்கும். அதை ருசி பார்க்காமல் கிரேவியில் முழுசாகக் கொட்டாதீர்கள்.

## துணைப் பதார்த்தங்கள்

மசித்த உருளைக்கிழங்கு பசை மாதிரி இழுக்கிறதா? மிக்ஸியில் போட்டிருப்பீர்கள். மாவுச்சத்து வெளியே வந்துவிட்டால் திரும்பப் போகாது. ட்ரேயில் பரப்பி, மேலே சீஸும் ரொட்டித்தூளும் தூவி ஓவனில் காட்டிவிடுங்கள். பாக்கியை மறுநாள் போண்டாவாக்கலாம்.

கிரான்பெரி சாஸ் தண்ணீராக இருக்கிறதென்று மேலும் மேலும் கொதிக்கவிடாதீர்கள். பழத்திலேயே பெக்டின் இருக்கிறது, ஆறினால் தானே இறுகும். 12 அவுன்ஸ் பை ஒன்றுக்கு ஒரு கப் தண்ணீர், ஒரு கப் சர்க்கரை, பத்து நிமிஷம். ஒரு வரமிளகாயும் இஞ்சித் துண்டும் போட்டுப் பாருங்கள், தொக்கு மாதிரி எல்லோரும் கேட்டு வாங்குவார்கள்.

பீன்ஸ் கேசரோல் 1955இல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையலறையில் டார்கஸ் ரைலி என்பவர் உருவாக்கியது. டின் சூப், பீன்ஸ், வறுத்த வெங்காயம், முடிந்தது. இதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. வெங்காயத்தை முதலிலேயே முழுசாகப் போட்டால் கருகும், பாதியைக் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## சாப்பாட்டு மேசையில் ஒருவர் எதையும் தொடவில்லை

நம் கூட்டத்தில் சைவக்காரர் ஒருவராவது இருப்பார், ஹலால் பார்ப்பவரும் இருக்கலாம். தட்டில் காய்கறி மட்டும் இருக்கிறது என்று நினைத்துக் கொடுப்போம், உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். ஸ்டஃபிங் வான்கோழிச் சாற்றில் கிளறியது. கிரேவி அந்தக் கொழுப்பில்தான் தொடங்கியது. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் பரப்பும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், அது பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. ஜெல்லோவும் ஜெலட்டின்தான். வூஸ்டர்ஷர் சாஸில் நெத்திலி இனத்து மீன் இருக்கும்.

காளான், வெங்காயம், மிளகு கொதிக்கவைத்த சாறு ஒரு பாத்திரம் முதல் நாளே செய்துவையுங்கள். ஸ்டஃபிங், கிரேவி இரண்டையும் அதிலேயே எல்லோருக்கும் சேர்த்துச் செய்தால் தனித்தனிக் கரண்டி வைக்கும் தொல்லை இல்லை. ஹலால் வான்கோழி வேண்டுமென்றால் கடைசி வாரத்தில் தேடாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

## ஓவன் ஒன்று, ஏற்ற வேண்டியது ஐந்து

நான்கு மணிக்குச் சாப்பாடு என்று வைத்துப் பின்னாலிருந்து எண்ணுங்கள். வெட்ட இருபது நிமிஷம், ஆற முக்கால் மணி. ஆகவே 14 பவுண்டுப் பறவை மூன்று மணிக்கு முன்பே வெளியே வர வேண்டும், பதினொரு மணிக்கு உள்ளே போக வேண்டும். அது ஆறுகிற முக்கால் மணிதான் ஸ்டஃபிங், கேசரோல், ரொட்டி எல்லாம் ஏறும் நேரம். பை (pie) என்கிற இனிப்பு, சாறு, கிரான்பெரி மூன்றும் புதன்கிழமையே முடிந்திருக்க வேண்டும். மசித்த கிழங்கைக் காலையில் செய்து சூடு தாங்கும் பாத்திரத்தில் போட்டு வைக்கலாம். நம் வீட்டில் இருக்கும் ஹாட்பேக்குகள் இதற்காகவே செய்ததுபோல இருக்கும்.

எவ்வளவு பெரிய பறவை? தலைக்கு ஒரு பவுண்டு என்பது கணக்கு, மிச்சம் வேண்டுமானால் ஒன்றரை. பக்கத்தில் பிரியாணியும் இருக்கப்போகிறதென்றால் அதிலும் குறைத்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு 24 பவுண்டுப் பறவை ஒன்றைவிட 12 பவுண்டில் இரண்டு சுலபம். நடுவில் மாட்டிக்கொண்டால், பட்டர்பால் நிறுவனம் 1981இலிருந்து வான்கோழிச் சந்தேகங்களுக்கென்றே தொலைபேசி உதவி நடத்துகிறது. கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

## மலைபோல மிச்சம்

மேசைக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சக் கறி ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். அரட்டையில் மறந்துபோவது இதைத்தான். முழு உருவமாக வைக்காமல் எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் போடுங்கள், சீக்கிரம் குளிரும். மூன்று நாலு நாள் தாங்கும். ஃப்ரீசரில் என்றால் மூன்று நாலு மாதம் ருசி குறையாமல் இருக்கும்.

மைக்ரோவேவில் அப்படியே சுட வைத்தால் ரப்பர்தான். சாறு தெளித்து, மூடி, 165 வரைக்கும் சூடாக்குங்கள். பிரியாணியில் போடுவதானால் பச்சைக்கறிபோல முதலில் போடாமல், மசாலா தயாரானபின் தம் போடும்போது சேர்க்க வேண்டும், கறி ஏற்கெனவே வெந்ததுதானே. தொடைக்கறி கொத்து பரோட்டாவுக்கு நன்றாகப் பொருந்தும், நெஞ்சைக் கட்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலும்புக்கூட்டைக் குப்பையில் போடாமல் பெரிய குக்கரில் மிளகு, சீரகம், தட்டிய பூண்டோடு போட்டு வேகவைத்து வடிகட்டினால் வெள்ளிக்கிழமை ரசத்துக்கு ஆயிற்று. குக்கர் கொள்ளவில்லையென்றால் நெஞ்செலும்பை இரண்டாக ஒடித்துப் போடுங்கள்.